கை இறுகிய காலத்தில் உள்ளூர்ப் பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி: பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு

2020 ஊரடங்கின் மூன்றாவது மாதத்தில் எங்கள் வீட்டு வருமானம் பாதியாகிவிட்டது. அல்சூரில் வாடகை வீடு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியாரின் மருந்துச் செலவு. நானும் கணவரும் மளிகைச் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு எதை நிறுத்தலாம் என்று பார்த்தோம். நிறுத்தக்கூடியது அதிகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பொருளும் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று விசாரிக்கத் தொடங்கியபோது, சாம்பாரில் போடும் துவரம் பருப்பு மொசாம்பிக்கிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்திருக்கலாம் என்பதும், பொரிக்கும் எண்ணெய் கருங்கடல் ஓரத்து வயல்களிலிருந்து கப்பலேறி வந்தது என்பதும் தெரிய வந்தன. அந்த விசாரணையில் கற்றுக்கொண்டவற்றையும், பிறகு செய்த தவறுகளைத் திருத்திக்கொண்ட முறையையும் இங்கே எழுதுகிறேன்.

உள்ளூர்ப் பொருளில் எனக்கு இருக்கும் பிடிப்புக்குச் சின்ன வயது அனுபவம் ஒன்று காரணம். என் அப்பா இந்த ஊரில் ஒரு துணி ஆலையில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தார். ஆலை மூடப்பட்டபோது அப்பாவின் தலைமுறைத் தொழிலாளர்களுக்குக் கொஞ்சமாவது கணக்குத் தீர்த்துக் கொடுத்தார்கள். வாசலில் டீக்கடை வைத்திருந்தவருக்கும், ஷிஃப்ட் முடிந்து வருவோருக்குச் சாப்பாடு போட்ட மெஸ்ஸுக்கும், சைக்கிள் பஞ்சர் ஒட்டியவருக்கும், எங்கள் தெருத் தையற்காரருக்கும் யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ஓராண்டுக்குள் அந்தத் தெருவின் கடைகளில் பாதி பூட்டிக் கிடந்தது. ஒருவர் வாங்கும் சம்பளம் அடுத்தவரின் கல்லாவுக்குப் போய், அங்கிருந்து இன்னொருவரின் கூலியாகத் திரும்புகிறது என்பதைப் பொருளாதாரப் பாடத்தில் படிப்பதற்கு முன்பே அந்தத் தெருவில் பார்த்துவிட்டேன்.

ஆயினும் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனையைச் சொல்லிவிடுகிறேன்: உணர்ச்சிக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்து, இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்து அதை நசுக்கியது. உணர்ச்சி மட்டும் அதைக் காப்பாற்றப் போதவில்லை. அரைச் சம்பளத்தில் இருக்கும் குடும்பம், கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்து எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும்? ஆகவே எங்கள் வீட்டில் வைத்துக்கொண்ட விதி இதுதான்: மாதச் செலவு ஒரு ரூபாய்கூட ஏறக்கூடாது, அதே ரூபாய் போகும் இடம் மட்டும் மாறலாம்.

எது உள்ளூர் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மாநில எல்லையை நான் பொருட்படுத்துவதில்லை. ஓசூர் இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கர்நாடகத்துக்குள்ளேயே இருக்கும் பெலகாவி 500 கிலோமீட்டர். இரண்டில் எது நமக்கு உள்ளூர் என்று கேட்டால், நம்மைப் போன்ற இரண்டுங்கெட்டான் பெங்களூர்த் தமிழர்களுக்கு விடை எளிது.

பொட்டலத்தைப் படிக்கும் முறை

கணக்கு நோட்டில் பொருள், அளவு, விலை என்று மூன்று பத்திகள் இருக்கும். அவற்றோடு ‘ஊர்’ என்று நான்காவது பத்தி ஒன்று போடுங்கள். முதல் மாதம் வாங்குவதில் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம். அந்தப் பத்தியை மட்டும் நிரப்புங்கள். அதற்குப் பொட்டலத்தைப் படிக்கத் தெரிய வேண்டும், அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

பட்டைக்குறி (பார்கோடு) 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. அது தவறு. 890 என்பது அந்த நிறுவனம் பட்டைக்குறி எண்ணை இந்தியாவில் பதிவு செய்து வாங்கியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. வெளிநாட்டில் செய்து இங்கே கொண்டுவந்து விற்கும் பொருளிலும் 890 இருக்கலாம். இங்கே செய்த பொருளில் வேறு எண்ணும் இருக்கலாம். நம்ப வேண்டியது முகவரியை. சட்டமுறை எடையளவுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் பொட்டலத்தில் இருந்தாக வேண்டும். இறக்குமதிப் பொருளானால் தோன்றிய நாட்டின் பெயரும் இருக்க வேண்டும். விற்பனை செய்பவரின் முகவரி மும்பையாகவும் தயாரித்தவரின் முகவரி தும்கூராகவும் இருக்கலாம் என்பதால் இரண்டையும் பிரித்துப் படியுங்கள். சில பொட்டலங்களில் ஐந்தாறு ஆலைகளின் முகவரிகள் வரிசையாக இருக்கும்; அப்போது தொகுதி எண்ணின் முதல் எழுத்து எந்த ஆலையைக் குறிக்கிறது என்று அங்கேயே சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இணையத்தில் வாங்குவோருக்கு, தோன்றிய நாட்டைக் காட்ட வேண்டிய கடமை விற்பனைத் தளங்களுக்கும் உண்டு. பொருள் விவரத்தின் அடிப்பகுதியில் ஒதுங்கிக் கிடக்கும், தேடிப் பாருங்கள்.

உணவுப் பொருளில் இன்னொரு வசதி உண்டு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையை ஒட்டி 14 இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம் பெற்ற நிறுவனம். 2 என்றால் பதிவு மட்டும் பெற்ற மிகச் சிறிய தயாரிப்பாளர். அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்: 12 கர்நாடகம், 24 தமிழ்நாடு, 00 என்றால் மத்திய உரிமம். ஆகவே 212 என்று தொடங்கும் எண் கொண்ட சாம்பார்ப் பொடியைப் பார்த்தால், அது இந்த மாநிலத்திலேயே வீட்டளவில் அல்லது சிறு கூடத்தில் செய்து விற்பவருடையது என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். எங்கள் பக்கத்துத் தெருவில் அப்பளமும் வற்றலும் போட்டு விற்கும் ஓர் அக்காவின் பொட்டலத்தில் அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான், பெரிய கடையில் வாங்கிக்கொண்டிருந்த அப்பளத்தை நிறுத்தினேன்.

முகவரியைத் தாண்டி, நிறுவனம் யாருடையது என்று போனால் தலை சுற்றும். 1924-இல் இந்த ஊரில் தொடங்கிய மாவள்ளி டிஃபின் ரூம்ஸ் இன்றும் குடும்பத்தாரின் உணவகம்தான், ஆனால் எம்.டி.ஆர். பெயரில் வரும் பொட்டல உணவு நிறுவனத்தை 2007-இல் நார்வே நாட்டின் ஓர்க்லா வாங்கிவிட்டது. சென்னையில் பிறந்த ப்ரீத்தி மிக்ஸியை 2011-இல் பிலிப்ஸ் வாங்கியது. இவற்றை வாங்கலாமா கூடாதா என்று கேட்டால், என் பதில்: வாங்கலாம். லாபத்தின் ஒரு பங்கு வெளியே போவது உண்மை. கூலியும், மூலப்பொருளுக்கான பணமும், லாரி வாடகையும் இங்கேதான் விழுகின்றன. கை இறுகிய காலத்தில் முதலில் காப்பாற்ற வேண்டியது வேலையை. முதலாளி யார் என்ற விசாரணையை வசதி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இதில் என்னோடு மாறுபடுவோர் உண்டு, அவர்களில் என் கணவரும் ஒருவர்.

சமையலறையில் தொடங்குங்கள்

அதிகப் பணம் புரள்வதும், விரைவாக மாற்றக்கூடியதும் சமையலறைதான். ஆனால் எல்லாவற்றையும் ஆராய வேண்டியதில்லை. அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள்: சோனா மசூரி ராய்ச்சூர், கங்காவதி பக்கத்திலிருந்து வருகிறது, புழுங்கலரிசியும் இட்லி அரிசியும் தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. இறக்குமதி என்ற பேச்சே இல்லை. அங்கே மிச்சம் பிடிக்க வேண்டுமானால் மூட்டையாக வாங்குங்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான முத்திரையிட்ட அரிசி, பருப்புப் பொட்டலங்களுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, அதற்குப் பிறகுதான் கடைகளில் 26 கிலோ மூட்டை என்ற விசித்திரமான உருப்படி தோன்றியது. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு மூட்டை எடுத்துப் பிரித்துக்கொள்வது நல்லது.

பருப்பில்தான் கவனம் வேண்டும். நாட்டின் துவரைத் தேவையில் ஒரு பகுதி ஆப்பிரிக்காவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் இறக்குமதியாகிறது. அதே வேளையில் நம் மாநிலத்தின் கலபுரகி (பழைய பெயர் குல்பர்கா) மாவட்டமே துவரைக்குப் பெயர்போனது. அங்கே விளையும் துவரம் பருப்புக்குப் புவிசார் குறியீடும் உண்டு. சில்லறையாக அள்ளிப் போடும் பருப்பில் முகவரி இருக்காது, ஆகவே கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும். நான் முதன்முறை கேட்டபோது நடந்த உரையாடல் இது.

“அண்ணா, இந்தப் பருப்பு குல்பர்காவா, வெளிநாட்டுச் சரக்கா?”

“குல்பர்கா உள்ளே இருக்கும்மா. கிலோவுக்கு எட்டு ரூபாய் ஜாஸ்தி. யாரும் கேட்கிறதில்லை, அதனால முன்னாடி வைக்கிறதில்லை.”

எட்டு ரூபாய் கூடுதல் என்றால் என் விதிப்படி அது தோற்க வேண்டும். அரைக் கிலோ வாங்கி வேகவைத்துப் பார்த்தேன். சீக்கிரம் குழைந்தது, சாம்பார் கெட்டியாக வந்தது, வழக்கமாகப் போடும் அளவைவிடக் குறைவாகப் போட்டாலே போதுமாக இருந்தது. மாதக் கணக்கில் செலவு ஏறவில்லை. கிலோ விலையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒரு வேளைச் சமையலுக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்க்கும் பழக்கம் இதிலிருந்துதான் வந்தது.

எண்ணெய் வேறு கதை. இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது: பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து, சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைன், அர்ஜென்டினாவிலிருந்து. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும், ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா சில வாரங்களுக்குப் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியதும் நம் அடுப்பங்கரை வரை எட்டின. இதற்கு மாற்றாகக் கடலை எண்ணெயும், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் இருக்கின்றன. ‘காண’ எண்ணெய் என்று கன்னடத்தில் பலகை மாட்டிய செக்குக் கடைகள் இப்போது பல பேட்டைகளில் உண்டு. ஆனால் விலை மிகக் கூடுதல். முழுமையாக மாறினால் கணக்கு உடைந்துவிடும். நாங்கள் செய்தது: பொரிப்பதை வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைத்தோம், எண்ணெய்ச் செலவு இறங்கியது, இறங்கிய பணத்தில் தாளிப்புக்கும் பொடிக்கும் மட்டும் செக்கெண்ணெய் வாங்கினோம். பிள்ளைகளின் முகச்சுளிப்பு சில வாரங்களில் அடங்கியது.

காலையில் ஓட்ஸ் சாப்பிடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இங்கே விற்கும் ஓட்ஸில் பெரும்பகுதி இறக்குமதித் தானியம். நாட்டின் கேழ்வரகு விளைச்சலில் பாதிக்கு மேல் தரும் மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு அதை வாங்குவது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. கேழ்வரகை முழுத் தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைத்து, தெரு மாவு மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். பொட்டல மாவைவிட மலிவு, மில்காரருக்கும் அரைப்புக் கூலி கிடைக்கும்.

காபியைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாட்டின் காபியில் ஏறத்தாழ 70 சதவீதம் சிக்கமகளூரு, குடகு, ஹாசன் மாவட்டங்கள் அடங்கிய கர்நாடகத்தில் விளைகிறது. கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் கடையில் கால் கிலோவாக வாங்குங்கள். ஆனால் உள்ளூர்ப் பொருள் என்பதால் விலை ஏறாது என்று நினைத்துவிடாதீர்கள். காபியின் விலை லண்டன், நியூயார்க் சந்தைகளோடு கட்டப்பட்டது, பிரேசிலில் வறட்சி என்றால் சிக்கமகளூருக் கொட்டையும் ஏறும். ஏறும்போது நாங்கள் தூளில் கலக்கும் சிக்கரியை நூற்றுக்கு இருபதிலிருந்து முப்பது பங்காக உயர்த்துவோம். சிக்கரியும் குஜராத், உத்தரப் பிரதேசத்தில் விளைவதுதான்.

காய்கறி, பழத்துக்கு ஹாப்காம்ஸ் கடைகளை மறந்துவிட்டோம் என்று தோன்றுகிறது. 1959-இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகத் தொடங்கிய அமைப்பு அது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவைப்பார்கள், பேரம் பேச வேண்டியதில்லை. கடைக்குக் கடை தரம் மாறும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். பருவம் பார்த்து வாங்குவது இதைவிடப் பெரிய மிச்சம். கோலார்த் தக்காளியின் விலை 2023 ஜூலையில் நூறு ரூபாயைத் தாண்டியது. வேறு மாதங்களில் அதே தக்காளியைப் பறிக்கும் கூலிகூடத் தேறாமல் விவசாயி சாலையில் கொட்டுகிறார். விலை வீழ்ந்த வாரத்தில் ஐந்து கிலோ வாங்கித் தொக்கு போட்டுவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் மாகடிப் பக்கத்து மொச்சை வண்டி வண்டியாக வரும். அப்போது பீன்ஸை விட்டுவிட்டு அதை வாங்குங்கள்.

துணியும் பொம்மையும்

துணியில் வரவுசெலவு குறைவு, ஏமாற்று அதிகம். சிக்பேட்டையில் பட்டு என்று காட்டும் சேலைகளில் பல, பாலியெஸ்டர். தினமும் போக்குவரத்து நெரிசலில் திட்டிக்கொண்டே கடக்கும் சில்க் போர்டு சந்திப்பில் இருக்கும் அந்த மத்தியப் பட்டு வாரியம்தான் ‘சில்க் மார்க்’ முத்திரையின் பின்னால் இருக்கிறது. முத்திரை இல்லையென்றால் முந்தானையிலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: பட்டு முடி கருகும் நாற்றத்தோடு பொடியாகும், பாலியெஸ்டர் உருகி மணியாக இறுகும். அன்றாட உடுப்புக்குக் கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடிக் காலத்தில் படுக்கை விரிப்பும் துண்டும் வாங்கி வைக்கலாம். கதர் நீடித்து உழைக்கும், ஆனால் துவைத்துத் தேய்க்கும் வேலை அதிகம். வீட்டில் அந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் மைசூர்ச் சாலையில் 60 கிலோமீட்டரில் உள்ள சன்னபட்டணத்தின் மரப்பொம்மைகளைப் பாருங்கள். வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றியவை. 2021 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் (பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு). சிக்னலில் விற்கும் பிளாஸ்டிக் பொம்மையில் அந்த முத்திரையைத் தேடினால் கிடைக்காது. கொலுவுக்கும் ஆண்டுக்கு ஒரு பொம்மை என்று வாங்கினால் பாரம் தெரியாது.

பழுதுபார்ப்பதும் உள்ளூர்ச் செலவுதான்

இதை இறுதியில் எழுதினாலும், என் அனுபவத்தில் அதிகப் பணம் மிஞ்சியது இங்கேதான். புதிய பொருளை வாங்கினால், அது எங்கே செய்யப்பட்டதாக இருந்தாலும், விலையின் பெரும்பகுதி ஊரை விட்டுப் போய்விடும். பழுதுபார்க்கும் கூலியோ அநேகமாக முழுவதும் இந்தத் தெருவிலேயே நிற்கும். ஆகவே சாதனம் வாங்கும்போதே, உதிரிப் பாகம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: புவிசார் குறியீடு பெற்ற பொருள், பெல்ட்டும் மோட்டாரும் சிவாஜிநகரில் எளிதாகக் கிடைக்கின்றன, கல்லைக் கொத்தித் தருபவரும் இருக்கிறார். இணையத் தள்ளுபடியில் வாங்கிய பெயர் தெரியாத மின்சாரக் கெட்டில் ஒன்று பதினான்கு மாதத்தில் நின்றது. சர்வீஸ் எண்ணை எடுப்பாரில்லை, எஸ்.பி. சாலையில் ஆறு கடை ஏறி இறங்கியும் அதன் பாகம் கிடைக்கவில்லை. நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் அங்கே போயிற்று.

குக்கர் போன்றவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார், எந்த ஊரில் செய்தார்கள் என்பது வந்துவிடும். போலி முத்திரையும் இதில் மாட்டிக்கொள்ளும்.

எந்தப் பழுதுபார்ப்பவர் நல்லவர் என்பதை அறிய, சிறிய வேலை ஒன்றை முதலில் கொடுத்துப் பாருங்கள்: மிக்ஸி ஜாரின் புஷ், குக்கர் கேஸ்கெட், செருப்புத் தையல். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தயங்காமல் கொடுப்பவரிடம் பெரிய வேலையைக் கொடுக்கலாம். பாகம் வாங்க நீங்களே போவதாக இருந்தால், மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் போதாது; ஜாரையே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரே மாடலிலும் இரண்டு அளவுப் புஷ் வருகிறது.